மூணு வரி வித்தியாசம்

திண்டிவனத்தில் அப்போது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அப்பாவின் இன்சுலின் மண்பானைக்குள் குளிர்காயும். 1990-களில் அது மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சரக்கு. ஊசி போட்ட இடமெல்லாம் தடிக்கும், அரிக்கும். தொடையில் நாலணா அகலத்துக்குக் குழி. "விழுப்புரம் ரோடு மாதிரி ஆயிடுச்சுடா" என்பார்.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. நான் பி.காம். ஆசாமி, எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 51 வரி லெட்ஜர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மனுஷன் கணக்கோடு பன்றியின் கணக்கு ஒரு வரியில் இடிக்கும். மாட்டினுடையது மூன்று வரியில். சர்க்கரையைக் குறைக்க அது ஒரு குறையே இல்லை. ஆனால் நம் எதிர்ப்புசக்தி இருக்கிறதே, அது ஆடிட்டர் ரகம்! 'இது நம்ம கம்பெனி கணக்கில்லையே' என்று ஆன்டிபாடியை ஏவிவிடும். சரக்கில் கலந்திருந்த வேறு புரதங்களும் தூபம் போடும்.

பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலினை 1978-ல் அமெரிக்காவில் செய்துவிட்டார்கள். 1982-ல் அங்கே கடைக்கும் வந்தது. எங்கள் வீட்டுக்கு வர மேலும் இருபது வருஷம். விலை அப்படி! மாற்றியதும் தடிப்பு நின்றது. குழி மட்டும் பாக்கி.

"51-ல் மூணுதாம்ப்பா தப்பு" என்று விளக்கினேன்.

"நீ அந்த மாதிரி மார்க் ஒருநாளும் வாங்கினதில்லையேடா" என்றார்.