இரு கரை நாடு

மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்காவுக்குச் செல்லும் அன்பர் முதலில் அறியவேண்டியது, அங்கே மழைக்காலம் ஒன்றன்று என்பதாகும். செப்டெம்பர், ஒக்டோபரில் மேற்கே பசிபிக் கரையில் மழை கொட்டும். கிழக்கே கரிபியக் கரையிலோ குறைந்திருக்கும். இரு பருவக்காற்றுகளோடு பழகிய நமக்கு இது வியப்பன்று.

நம்மை வருத்தியது வேறொன்று. தலைநகர் சான் ஹோசேயையும் கிழக்குத் துறைமுகமாகிய லிமோனையும் இணைத்த இருப்புப்பாதை 1890இல் நிறைவெய்தியது. அதற்காக உழைத்தோரிற் பலர் ஜமேக்காவிலிருந்து வந்த கறுப்பின மக்கள். பின்னர் வாழைத் தோட்டங்களில் வேலைசெய்து அங்கேயே குடும்பமாயினர். எனினும், அம்மண்ணிற் பிறந்த அவர்தம் பிள்ளைகளிற் பலர் 1949 வரை குடியுரிமையின்றியே இருந்தனர். படையொழிப்பை உறுதிசெய்த அதே ஆண்டு அரசியலமைப்பின் பின்னரே அக்குறை நீங்கிற்று. நாம் புரட்டிய பயண நூல்கள் முன்னதைப் புகழ்ந்தன, பின்னதைச் சொல்லவில்லை.

லிமோனில் தேங்காய்ப்பாலில் அவரையிட்டுச் சமைத்த சோறு கிடைக்கும். சமைப்போரிற் பலர் அவர்தம் வழித்தோன்றல்கள்.