பக்கத்துக் காட்டின் ஒளி

செயற்கைக்கோள் படத்தில் ஓர் ஏரியின் பாசிக் குறியீடு உயர்ந்தால் உடனே தண்ணீர் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறோம். அவசரப்படக் கூடாது. பின்லாந்தில் காடு சூழ்ந்த சிற்றேரிகளையே பாருங்கள். அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடும். இலைகளோ தாராளமாகத் திருப்பி அனுப்பும். அந்த ஒளியைக் காற்றும் தூசும் சிதறடிக்க, ஒரு பகுதி ஏரியின் ஒளியோடு கலந்து செயற்கைக்கோளின் உணரிக்குள் நுழைகிறது; குறியீடு அதையும் ஏரியின் பாசியாக எண்ணிவிடலாம். 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2ஏ செயற்கைக்கோள் 10 மீட்டர் வரை நுணுக்கமாகப் படமெடுக்கும்; இந்தக் கலப்போ கிலோமீட்டர் கணக்கில் பரவக்கூடியது. படப்புள்ளியைச் சிறிதாக்கி இதிலிருந்து தப்ப முடியாது. வளிமண்டலத் திருத்த முறைகள் பல, அண்மை அகச்சிவப்பில் நீர் கருப்பாகவே இருக்கும் என்று நம்பி, மிகுதி ஒளியைத் தூசின் கணக்கில் எழுதுகின்றன. அதனால் நீல அலைவரிசையில் அதிகம் கழிபட்டு, எதிரொளிப்பு பூச்சியத்துக்கும் கீழே போவதுண்டு. அப்படிப் போனால் பிழை தானே தெரியும். நம்பும்படியான எண்ணாக வந்தால்தான் ஆபத்து. எனவே, சிற்றேரிகளின் நீர்த்தர வரைபடம் வெளியிடுவோர், பக்கத்துப் புள்ளிகளின் ஒளியைக் கழித்தார்களா, எப்படி என்பதை அதிலேயே சொல்ல வேண்டும். படகில் போய் எடுத்த நீர் மாதிரியோடு ஒப்பிடாத வரைபடத்தைக் காட்டி யார் மீதும் பழி சுமத்தக் கூடாது.