பேசட்டும், வெளிச்சத்தில்!

மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்புகளுக்குத் தலைநகர் தில்லியில் வேலைக்குக் குறைவில்லை. நிதிநிலை அறிக்கைக்கு முன்பு வரிக் கோரிக்கை, விதிகள் திருத்தப்பட்டால் கால அவகாசக் கோரிக்கை, விலைக் கட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்தால் ஆட்சேப மனு என ஆண்டு முழுவதும் அமைச்சகப் படிகளில் ஏறி இறங்குவது அவற்றின் பிரதிநிதிகளுக்கு வழக்கமான பணி. இதில் குற்றம் காண ஏதுமில்லை. தொழில்துறையின் நியாயத்தைக் கேளாமல் எந்த அரசும் கொள்கை வகுக்க முடியாது. ஆனால், அவர்கள் என்ன கேட்டார்கள், அரசு எதை ஏற்றது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

இதய ரத்தக் குழாய் அடைப்பை நீக்கிப் பொருத்தப்படும் 'ஸ்டென்ட்' விவகாரம் இதற்குத் தக்க உதாரணம். தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குரைஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கின் பின்னணியில், 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரி 13-ஆம் தேதி தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பை அறிவித்தது. மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட் ரூ.29,600, மருந்து பூசப்படாதது ரூ.7,260. அதுவரை மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் வசூலிக்கப்பட்டு வந்தது. சில மருத்துவமனைகளின் லாபம் 600 சதவீதத்தைத் தாண்டியிருந்ததை ஆணையம் திரட்டிய விவரங்களே அம்பலப்படுத்தின. சிகிச்சை அரங்கில் படுத்திருக்கும் நோயாளியோ, வெளியே படிவத்தில் கையெழுத்திடும் உறவினரோ விலை பேசும் நிலையில் இருப்பதில்லை. அந்த இயலாமைதான் அவ்வளவு காலமும் லாபமாகியிருந்தது.

உச்சவரம்பு வந்தால் புதிய தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வராது என்று பன்னாட்டு நிறுவனங்கள் வாதிட்டன. நவீன ஸ்டென்ட்டுகளுக்குத் தனி விலை கேட்டன. 2018-இல் விலையை மறுஆய்வு செய்த ஆணையம் அதை ஏற்கவில்லை. இதற்கிடையே, 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டு உள்பொருத்திகளுக்கும் உச்சவரம்பு வந்தது. அதே ஆண்டு 'அட்வாமெட்' என்ற அமெரிக்கக் கூட்டமைப்பு, இந்தியாவுக்கான வர்த்தக முன்னுரிமைச் சலுகையை ரத்து செய்யுமாறு தன் நாட்டு அரசிடம் மனு அளித்தது. பால்பொருள் ஏற்றுமதியாளர்களின் மனுவும் சேர்ந்துகொள்ள, 2019 ஜூன் 5 முதல் அச்சலுகையை அமெரிக்கா விலக்கிக்கொண்டது. இந்திய நோயாளியின் மருத்துவச் செலவு குறித்த ஒரு முடிவு, மருத்துவத்தோடு தொடர்பே இல்லாத ஏற்றுமதியாளர்களையும் பாதித்தது. ஒரு தொழில் கூட்டமைப்பின் வலிமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

உள்நாட்டுத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பும் சும்மா இருந்துவிடவில்லை. மருத்துவக் கருவிகளுக்கான நாட்டின் தேவையில் பெரும்பகுதி இறக்குமதி மூலமே நிறைவு செய்யப்படுவதைச் சுட்டிக்காட்டி, இறக்குமதி வரியை உயர்த்த அது தொடர்ந்து வலியுறுத்தியது. 2020 நிதிநிலை அறிக்கையில் மருத்துவக் கருவிகள் இறக்குமதிக்கு 5 சதவீத சுகாதார மேல்வரி விதிக்கப்பட்டது. அதனால் நோயாளியின் சுமை கூடும் என்றனர் இறக்குமதியாளர்கள். உள்நாட்டு உற்பத்தி பெருகினால்தான் சுமை குறையும் என்றனர் தயாரிப்பாளர்கள். இரு தரப்பும் நோயாளியின் பெயரால்தான் பேசுகின்றன. அந்த நோயாளி மட்டும் பேச்சுவார்த்தை மேஜையில் இல்லை.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசிடம் ஆதரவு திரட்டுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும்; எதற்காக, எவ்வளவு செலவிட்டனர் என்று கணக்கும் காட்ட வேண்டும். அவ்வாறு வால்மார்ட் காட்டிய கணக்கு 2012 டிசம்பரில் நமது நாடாளுமன்றத்தையே முடக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2013-இல் இதற்கெனத் தனிநபர் மசோதா ஒன்றும் மக்களவைக்கு வந்தது. அது சட்டமாகவில்லை. அமளியில் காட்டிய ஆர்வத்தை உறுப்பினர்கள் சட்டமியற்றுவதில் காட்டவில்லை.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வரைவுச் சட்டங்களையும் விதிகளையும் 30 நாள்களேனும் பொதுவெளியில் வைக்க வேண்டும், பெறப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே கொள்கை வகுத்துள்ளது. அதை விலை நிர்ணயத்துக்கும் விரிவுபடுத்தி, கூட்டமைப்புகள் அளிக்கும் மனுக்களையும் அதிகாரிகளுடனான சந்திப்பு விவரங்களையும் துறைகள் தாமாகவே வெளியிடலாம். ஆலோசனைக் கூட்டங்களுக்கு நோயாளிகள் நல அமைப்புகளையும் அழைக்கலாம்.

நியாயமான கோரிக்கை வெளிச்சத்துக்கு அஞ்சாது. தொழில்துறைக்குத் தில்லியில் அலுவலகம் உண்டு, ஆலோசகர்கள் உண்டு, அந்நிய அரசின் துணையும் உண்டு. நோயாளிக்கு இருப்பது அரசு மட்டுமே. அந்த அரசு யாருடன் என்ன பேசுகிறது என்பதை அவன் அறிந்திருக்க வேண்டாமா?