அம்மாவுக்கு வயசாயிட்டுது என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

மார்பில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சோதனை எல்லாம் முடிந்து, 'கீமோ' போடலாமா என்று டாக்டர் கேட்கும்போது நம் தோட்டத்து வீடுகளில் இரண்டே பதில்தான் வருகிறது. "எழுபது வயசுக் கிழவிக்கு அந்த விஷ மருந்து எதுக்கு, விட்ருங்க" என்பது ஒன்று. "என்ன செலவானாலும் போடுங்க டாக்டர், நாளைக்கு நாலு பேர் ஒண்ணு சொல்லக் கூடாது" என்பது மற்றது. இரண்டும் அவசரப் பதில். இரண்டிலும் அம்மாவின் நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாருங்கள்.

மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே வகை அல்ல. கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்து எழுதும் ரிப்போர்ட்டில் ஈ.ஆர். என்றும் ஹெர்-2 என்றும் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். ஈ.ஆர். 'பாசிட்டிவ்' என்றால், உடம்பில் ஊறும் பெண் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளரும் கட்டி. வயதான பெண்களுக்குப் பெரும்பாலும் இதுதான். இதற்கு லெட்ரோசோல், டமோக்சிபென் போன்ற மாத்திரை உண்டு. தினம் ஒன்று, வழக்கமாக 5 வருஷம். இந்த வகையில் பலருக்குக் கீமோவையும் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். அப்படியிருக்க முடி கொட்டி, வாய் புண்ணாகி, அம்மாவைப் படுக்க வைப்பானேன்?

மாத்திரைதானே என்று அலட்சியமும் வேண்டாம். லெட்ரோசோல் மூட்டு வலி கொடுக்கும், எலும்பையும் பலவீனமாக்கும். முப்பது வருஷம் பால் மரம் சீவிய முழங்காலுக்கு அது கூடுதல் தொல்லை. யாரிடமும் சொல்லாமல் அம்மா மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்ற வழியுண்டு.

ஈ.ஆர். இல்லாத கட்டி என்றால் கதையே வேறு. ஹார்மோன் மாத்திரை அங்கே வேலை செய்யாது, கீமோதான் முக்கிய ஆயுதம். ஹெர்-2 இருந்தால் கீமோவோடு டிராஸ்டுஸுமாப் என்ற ஊசியும் பேச்சுக்கு வரும். இங்கே வயசை மட்டும் காட்டித் தள்ளிவிடுவது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம்.

"சரி, லேசான மருந்தாப் போடுங்க" என்பவர்களும் உண்டு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 633 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2009-ல் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கீமோ, மற்றவர்களுக்குக் கெப்பசிடபின் என்ற மாத்திரைக் கீமோ. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போடுவதென்றால் முறையாகப் போட வேண்டும். முடியாதென்றால் வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுக்க வேண்டும்.

முடியுமா என்பதை அடையாள அட்டையில் உள்ள பிறந்த வருஷம் சொல்லாது. எழுபதிலும் கோழி வளர்த்து, பேரப்பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடும் அம்மா இருக்கிறார். அறுபத்திரண்டிலேயே சர்க்கரையால் கால் புண்ணோடு படுத்துவிட்டவரும் இருக்கிறார். தானே குளிக்கிறாரா, சமீபத்தில் விழுந்தாரா, மெலிந்துவிட்டாரா, இதய வியாதி உண்டா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிவப்பாக இருக்கும் டொக்சோரூபிசின் மருந்து இதயத்தைப் பாதிக்கக் கூடியது. வேறு மருந்து உண்டா என்று கேட்பதில் தப்பில்லை. நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவியிருந்தால், சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதல்ல, நோயை அடக்கி நல்லபடி நாளைக் கூட்டுவது. அதையும் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. டாக்டர் மலாயில் சொல்வார், மகன் அதில் பாதியைத் தமிழில் சொல்வான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடும்" என்று மருமகள் கண்ணைக் காட்டுவாள். விடியற்காலை இருட்டில் தனியாக நிரைக்குப் போன பெண்ணுக்கா பயம்? ஊசி ஏறப்போவது அவர் கையில். பேத்தி கல்யாணத்தைப் பார்க்க எதையும் தாங்குவேன் என்பாரோ, இருக்கிற நாளை வீட்டில் கழிக்கிறேன் என்பாரோ, கேட்டால்தானே தெரியும்.

செலவுக்குப் பயந்து ஓடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சமூகநல அதிகாரியைப் பார்த்து உதவிக்கு வழி கேளுங்கள். 1994-ல் தொடங்கிய 'மக்னா' புற்றுநோய் மன்றமும் வசதியில்லாதவர்களுக்கு உதவுகிறது.

கீமோ என்று முடிவானால் உடம்புச் சூடு பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரியில் யார் கார் கிடைக்கும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சக்தி இறங்கிவிடும். சூடு 38 டிகிரி ஆனால், காலையில் பார்க்கலாம் என்று பெனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். ராத்திரி ரெண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போய், "கீமோ போட்டவங்க" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.