பூட்டிலேயே தொங்கும் சாவி

கீழ்பென்னாத்தூரில் ஒரு நிலக்கடலை விவசாயி இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கும்போது, அவரது ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் எங்கோ இருக்கும் அரசு சர்வர்களைச் சென்றடைகின்றன. அவற்றைக் காப்பது யார் என்று கேட்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

சர்வர்களை ஒவ்வொன்றாக அமைத்த காலம் மலையேறிவிட்டது. 'ஆன்சிபிள்' போன்ற மென்பொருள்கள் ஒரே கட்டளைத் தொகுப்பால் நூற்றுக்கணக்கான சர்வர்களை அமைக்கின்றன. சர்வருக்குச் சர்வர் மாறுபடும் முகவரி, தரவுத்தளத்தின் பெயர் முதலியவை தனிக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. சிக்கல் தொடங்குவது இங்குதான். முகவரி இருக்கும் அதே கோப்பில் கடவுச்சொல்லையும் எழுதிவிடுவது எளிது. அக்கோப்போ ஊழியர், ஒப்பந்ததாரர் எனப் பல கைகளுக்குச் செல்கிறது. பின்னர் அழித்தாலும் பழைய பதிப்புகளில் கடவுச்சொல் தங்கிவிடுகிறது.

2016-இல் ஊபர் நிறுவனத்தில் நேர்ந்தது இதுவே. பொறியாளர்களின் நிரல் சேமிப்பகத்தில் கிடைத்த அணுகல் சாவியைக் கொண்டு, உலகெங்கும் 5.7 கோடி பேரின் விவரங்களை ஊடுருவியோர் கவர்ந்தனர். அதை ஓராண்டு மறைத்த நிறுவனம், 2018-இல் அமெரிக்க மாகாணங்களுக்கு 14.8 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்தில் ஊடுருவல் நிகழ்ந்தபோதும், நிர்வாகி கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பறிபோனதே வழியாகக் கூறப்பட்டது. கடவுச்சொல் எவ்வழியில் வெளியேறினாலும் விளைவு ஒன்றே.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. ஆனால், அரசுத் துறை கட்டும் அபராதம் மக்களின் வரிப்பணமே. கசிந்த கடவுச்சொல்லை மாற்றலாம். கசிந்த முகத்தையும் கைரேகையையும் மாற்ற இயலாது.

தீர்வுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ரகசியங்களைக் குறியாக்கம் செய்யும் 'வால்ட்' வசதி ஆன்சிபிளிலேயே உள்ளது. ஆயினும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லை அதே சேமிப்பகத்தில் வைத்தால், பூட்டிய வீட்டின் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போலாகும். சர்வர்தோறும் வெவ்வேறு கடவுச்சொல், ஒப்பந்தம் முடிந்த அன்றே அவற்றை மாற்றுதல், சுதந்திரமான தணிக்கை ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலேயே அரசு சேர்க்க வேண்டும்.

வேறு வழியின்றித் தன் விவரங்களை ஒப்படைக்கும் குடிமகனுக்கு அரசு செலுத்த வேண்டிய குறைந்தபட்ச நன்றிக்கடன் அது.