முன்வாசல் பூட்டு கெட்டால் கொல்லைப்புறக் கதவு!

குழந்தை தவழ்ந்தது, மொட்டை போட்டது, காது குத்தியது – இந்தப் படமெல்லாம் இப்போது ஆல்பத்திலா இருக்கிறது? லேப்டாப்பில்தான்! தடுப்பூசி அட்டையின் நகலும், மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டும்கூட அதிலேதான். அது ஒருநாள் கறுப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றுவிட்டால், பெற்ற மனசு பதறத்தானே செய்யும்?

கடைக்குக் கொண்டுபோனால், “ஃபார்மட் பண்ணித் தந்துடறேம்மா” என்று சுலபமாகச் சொல்வார்கள். சகோதரிகளே, சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள்! ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போடுவது. வாசல் பூட்டு கெட்டுப்போனால் பீரோவில் இருக்கிற நகையுமா போய்விடும்? கொல்லைப்புறமாக உள்ளே போய் நகையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அப்புறம் பூட்டை மாற்றலாமே! அந்தக் கொல்லைப்புறக் கதவுதான் ‘லைவ் லினக்ஸ்.’

லினக்ஸும் விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற ஒன்றுதான், காசு கிடையாது. லைவ் லினக்ஸ் உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதையும் பதியாமல், வெளியே இருந்தபடியே கணினியை ஓட்டும். 2000-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் ‘நாப்பிக்ஸ்’ என்று இப்படி ஒன்றை ஒரே சிடியில் அடக்கித் தந்தார். இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் சிடி தட்டே இல்லையே! அதனால் பென் டிரைவே போதும்.

தேவையானவை: காலியான 8 ஜிபி பென் டிரைவ் 1, படங்களை எடுத்து வைக்க வேறொரு பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க் 1, நன்றாக ஓடுகிற கணினி 1 (பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம்).

செய்முறை: நல்ல கணினியில் ‘லினக்ஸ் மின்ட்’டை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதை ‘ரூஃபஸ்’ என்ற இலவசக் கருவியால் பென் டிரைவில் எழுதுங்கள். சும்மா காப்பி செய்து போட்டால் வேலை செய்யாது. அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கவனம்! பிறகு அதை நோயாளி லேப்டாப்பில் செருகி, ஆன் செய்த கையோடு டெல், லெனோவோ என்றால் எஃப் 12. எச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப் 9 என்று தட்டுங்கள். வருகிற பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு படம் இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்!

இதில் வரக்கூடிய சங்கடங்களையும் பார்த்துவிடலாம்.

பழைய கறுப்புத் திரையே வருதா? விசையைத் தட்டுவதில் தாமதம் ஆகியிருக்கும். அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வேறு துளையில் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பென் டிரைவை மறுபடி எழுதுங்கள்.

லினக்ஸ் ஆரம்பித்து, நடுவில் திரை இருண்டு போச்சா? முதல் பட்டியலில் ‘காம்பாட்டிபிலிட்டி மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே படம் தெரியுது, ஆனால் எதையும் மாற்ற முடியலையா? விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். மல்லுக்கட்ட வேண்டாம். நமக்கு வேண்டியது படிக்கிற அனுமதிதான்; காப்பி எடுக்க அது போதும்.

ஏதோ சாவி கேட்குதா? அது ‘பிட்லாக்கர்’ பூட்டு. 48 இலக்க எண் வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த எண் இல்லாமல் கடைக்காரராலும் திறக்க முடியாது.

டிஸ்கே கண்ணில் படலையா, அல்லது உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் வருதா? உடனே அணைத்துவிடுங்கள். இது டிஸ்குக்கே வந்த நோயாக இருக்கலாம். ஓட ஓடச் சேதம் கூடும். தகவல் மீட்பையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுப்பதுதான் நல்லது.

உள்ளே போனதும் ‘யூஸர்ஸ்’ என்ற பெட்டிக்குள் உங்கள் பெயருள்ள பெட்டியைத் திறங்கள். ‘பிக்சர்ஸ்’, ‘டாக்குமென்ட்ஸ்’, ‘டெஸ்க்டாப்’, ‘டவுன்லோட்ஸ்’ நான்கையும் இரண்டாவது பென் டிரைவுக்கு மாற்றுங்கள். லைவ் லினக்ஸின் திரையிலேயே வைத்துவிட்டால், அணைத்ததும் எல்லாம் மாயமாகிவிடும்! காப்பி முடிந்ததும் ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே பென் டிரைவை உருவுங்கள். நல்ல கணினியில் நாலைந்து படங்களைத் திறந்து சரிபார்த்துவிட்டு, அப்புறம் லேப்டாப்பைத் தாராளமாகக் கடைக்கு அனுப்புங்கள்.

இத்தனை சிரமமும் வேண்டாமென்றால் வழி இருக்கு. மாதம் ஒருநாள் மளிகைக் கணக்கு எழுதும்போதே, புதுப் படங்களை வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. குழந்தை வளர்ந்து, தன் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரிக்கும்போது தெரியும் அதன் அருமை!