பளபளப்பை நம்பலாமா?

மாணவர்களே, உலோகப் பொருள்களுக்கு மின்முலாம் பூசுவது ஏன் என்று தேர்வில் கேட்டால் என்ன எழுதுவீர்கள்? ‘அழகுக்காகவும் துருப்பிடிக்காமல் இருக்கவும்’ என்றுதானே? மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், மின்னுவதெல்லாம் துருவைத் தடுக்கும் என்ற எண்ணமும் அந்த விடையோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிடுகிறது. அது சரியன்று.

சைக்கிளின் கைப்பிடித் தண்டைப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் குரோமியப் படலத்தின் தடிமன் பொதுவாக 1 மைக்ரோமீட்டர்கூட இருக்காது. அதாவது, 1 மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஃகைக் காக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அதன் அடியிலுள்ள நிக்கல் பூச்சுதான். அதையும் தாண்டி ஆழமான கீறல் விழுந்தால் என்னவாகும்? நிக்கலைவிட இரும்பு எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும். ஈரம் பட்டதும் இரும்பே அரிபடும். சுற்றிலும் பளபளப்பு அப்படியே இருக்க, கீறலுக்குள் துரு ஆழமாக இறங்கும்.

மங்கலான துத்தநாக முலாம் பூசிய திருகாணியில் நடப்பதோ நேர்மாறு. திட்ட மின்முனை அழுத்தங்களை ஒப்பிடுங்கள்: துத்தநாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44, நிக்கல் சுமார் -0.25. இரும்பை முந்திக்கொண்டு துத்தநாகம் எலக்ட்ரான்களை இழக்கிறது. சிறு கீறல் விழுந்தாலும், தான் கரைந்து இரும்பைக் காக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. துத்தநாகம் தீர்ந்தால் காவலும் தீர்ந்தது. அதனால்தான் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கம்பங்களை உருகிய துத்தநாகத்தில் முக்கித் தடிமனான பூச்சுக் கொடுக்கிறார்கள். தேய்மானத்தைத் தாங்கவும் எளிதில் துடைத்துச் சுத்தம் செய்யவும் குரோமியமே சிறந்தது. ஆகவே, எந்த முலாம் உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை. பொருள் எங்கே இருக்கப்போகிறது, கீறல் விழுமா, பூச்சு எவ்வளவு தடிமன் என்றே கேட்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஈரப்பதமும் கடலோரத்தில் உப்புக் காற்றும் உள்ள நம் வட்டாரத்தில் இக்கேள்விகளைத் தவிர்க்கவே முடியாது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் முலாம் பூசிப் பளபளப்பைப் பார்த்ததோடு பாடத்தை முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆசிரியரின் உதவியோடு, துத்தநாகம் பூசிய எஃகுத் திருகாணி ஒன்றையும் நிக்கல் பூசியது ஒன்றையும் அரத்தால் எஃகு தெரியும்வரை கீறுங்கள். உப்புநீரில் நனைத்த தாளில் வைத்து ஒரு வாரம் கவனியுங்கள். எதில் முதலில் செந்துரு தோன்றுகிறது எனக் குறித்து வையுங்கள். முலாமின் தரத்தை அந்தக் கீறல் சொல்லும்.